ஜம்பர் போட்ட சனிக்கிழமை

இதில் பாதியை நான் பைபிள் மேல் கை வைத்து, சத்தியம் பண்ணி, கோர்ட்டில் சொல்லியிருக்கிறேன். அது இன்றைக்கும் ஏதோ ஒரு அலமாரியில் காகிதமாகக் கிடக்கும். மீதிப் பாதியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. அந்தப் பாதியைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ராத்திரியும் இல்லை, சுடுகாடும் இல்லை. அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. பட்டப்பகல். சுள்ளென்று வெயில். பேய் இருட்டில்தான் வரும் என்று எவன் சொன்னானோ, அவன் எங்கள் ஈனிட் ஊரில் கூரை மேல் ஏறி வேலை பார்த்ததில்லை.

கட்டடங்களின் கூரை மேல் பெரிய தகரப் பெட்டி இருக்குமே, அதுதான் என் பிழைப்பு. கோடையில் குளிர்காற்று விடும். குளிர்காலத்தில் அதே பெட்டி கேஸை எரித்துச் சூடான காற்றை விடும். ஆறு மாதம் சும்மா கிடந்த பர்னரைக் குளிர் வருமுன் பற்றவைத்து, எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தோரு வருஷமாகப் போட்ட கையெழுத்து.

அன்றைக்குப் போனது ஒரு குழந்தைகள் காப்பகம். ஞாயிறு ராத்திரி வடக்கிலிருந்து குளிர் இறங்கும் என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திங்கள் காலை இருபத்திரண்டு குழந்தைகள் வந்துவிடும். காப்பகத்தை நடத்தும் லோர்னா, மகனின் ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சாவியை என் கையில் திணித்தாள்.

"மிஸ்டர் ஓடெல், போன வருஷம் மாதிரி மூணு நாள் இழுத்தடிச்சிடாதீங்க. பிள்ளைங்க கோட்டைப் போட்டுக்கிட்டே தூங்குச்சுங்க."

"இன்னிக்கே முடிச்சிடறேன்மா."

"போற வாக்குல சொல்லாதீங்க."

அவள் காரை எடுத்தபோது மணி 1:50. கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். உள்ளே ஈ காக்கை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளி ஏணியில் ஏறினேன். கேஸ் குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழி வரவில்லை. கேஸ் அழுத்தம் சரி. காற்று வடிகட்டிகளை மாற்றினேன். 2:41-க்குப் பர்னரைப் போட்டேன். சின்ன விசிறி உறுமியது. டிக்... டிக்... டிக்... குப்பென்று பற்றிக்கொண்டது. அழகான நீலம்.

நாற்பத்தைந்து வினாடி கழித்துப் பெரிய விசிறி ஓடத் தொடங்கியது. அவ்வளவுதான், தீ மஞ்சளாகி வெளியே என் முகத்தைப் பார்த்து வளைந்தது. உடனே 'டக்'. எல்லாம் அணைந்தது.

தீ திரும்பி வெளியே வந்தால் கேஸை நிறுத்துவதற்கு அங்கே பொத்தான் அளவில் ஒரு ஸ்விட்ச் உண்டு. அதுதான் 'டக்' என்றது. அதை அமுக்கி மறுபடி பற்றவைத்தேன். 2:55. அதே மஞ்சள். அதே 'டக்'. உள்ளே நெருப்பையும் காற்றையும் பிரிக்கும் தகடு கிழிந்திருந்தால்தான் இப்படி ஆகும். கிழிந்தால் விஷவாயு நேராகக் கீழே போகும். நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே போய்ச் சேர்வான்.

முதலாளி கேலனுக்குப் போன் போட்டேன். முப்பத்து நாலு வயது. அப்பா சேர்த்த கம்பெனி. ஏணியில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

"தகடு கிழிஞ்சிருக்கு. கேஸைப் பூட்டி, ஓட்டக்கூடாதுன்னு சிவப்புச் சீட்டு மாட்டிட்டு வரேன்."

"கிழிசலைக் கண்ணால பாத்தியா?"

"இன்னும் பாக்கல. பிரிச்சுப் பாக்க நேரமாகும்."

"பெருசு, உனக்கு எந்தப் பெட்டியைத் தொட்டாலும் ஓட்டைதான். ஸ்விட்ச் கிழடாயிருக்கும், உன்னை மாதிரி. ஜம்பரைப் போட்டு ஓட்டிப் பாரு. இன்னும் நாலு இடம் நிக்குது."

ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? இடுப்புப் பையிலிருந்து ஜம்பரை எடுத்தேன்.

ஜம்பர் என்பது ஒரு சாண் வயர், இரண்டு முனையிலும் கிளிப். ஸ்விட்சின் இரண்டு கால்களிலும் அதை மாட்டிவிட்டால் ஸ்விட்ச் செத்த மாதிரி. தீ எங்கே வளைந்தாலும் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜம்பர் போடும்போது வண்டிச் சாவியைக் கழற்றி அந்த வயரிலேயே தொங்கவிடுவோம். வயரை மறந்தால் வீட்டுக்குப் போக முடியாது.

சாவியைத் தொங்கவிட்டேன். 3:02. பெட்டி ஓடியது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கட்டடத்திலிருந்து காற்று மேலே வரும் குழாய்க்குள் டார்ச் அடித்துக் குனிந்தேன்.

இருமல் சத்தம்.

குழந்தை இருமல். கீழிருந்து.

கூரை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வாகனம் நிறுத்துமிடத்தில் என் வண்டி மட்டும். கட்டடச் சாவி என் பையில்.

திரும்பி வந்து குனிந்தேன். இப்போது பெண் குரல். லோர்னாவின் குரல்... ஆனால் நடுங்கியது.

"ஐவி."

"இருக்கேன்."

"மேடாக்ஸ்."

"இருக்கேன்."

"ட்ரென்டன்."

"இருக்கேன்..." இருமல்.

பேர் சொல்லிக் கணக்கெடுக்கிறாள். ஏதோ டிவி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் குரலில் காற்றடித்தது. 'ஊ'வென்று வெட்டவெளிக் காற்று. தூரத்தில் சைரன். நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர்க் கடையின் கொடி அசையாமல் தொங்கியது. சைரன் எதுவும் இல்லை. குழாய்க்குள் மட்டும்தான்.

3:07. கைக்கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக ஞாபகம்.

"காஷ்டன்."

பதில் இல்லை.

இதெல்லாம் ஒரு பெயரா என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது.

"காஷ்டன்..."

இல்லை.

"காஷ்டன்!"

காற்று... சைரன்... அவ்வளவுதான்.

அப்புறம் எல்லாம் நின்றது.

என் முழங்கையிலிருந்து ஒரு அடி தூரத்தில்... குழாய்க்கு உள்ளே...

தூக்கக் கலக்கத்தோடு...

"இருக்கேன்."

சாவியைப் பிடுங்கினேன்.

ஓடினேன்.

ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். படுக்கைப் பாய்கள் அடுக்கியபடி இருந்தன. டிவியே கிடையாது. சுவர் ஸ்விட்சில் சூட்டை அணைத்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தேன். 3:20-க்குக் கேலன் கூப்பிட்டான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அந்த ஒரு சொல்லைச் சொன்ன வாயில் புழு விழட்டும். தாளில் கையெழுத்தும் போட்டேன். கட்டடச் சாவியை லோர்னாவின் தபால் பெட்டிக்குள் நழுவவிட்டேன்.

ஆறு மணிக்கு வீட்டில் இடுப்புப் பையைத் திறந்து ஜம்பரைக் காணாதபோதுதான் உறைத்தது. வண்டிச் சாவியைப் பிடுங்கி வந்திருக்கிறேன். வயர் அங்கேயே இருக்கிறது.

கேலனிடம் சொன்னேன். பேய் என்று சொல்லவில்லை, ஜம்பர் என்றுதான் சொன்னேன்.

"திங்கக்கிழமை முத வேலையா உன்னையே அனுப்பறேன். இப்ப என் மண்டையைக் கொடையாதே."

ஏணி வெளியில்தான் இருந்தது. ஏற எந்தச் சாவியும் வேண்டாம். ஞாயிறு முழுக்க நேரம் இருந்தது. சர்ச்சுக்குப் போனேன், சாப்பிட்டேன், டிவி பார்த்தேன். அந்தக் கூரைக்கு மட்டும் போகவில்லை. பயம். வேறொன்றும் இல்லை, வெறும் பயம்.

திங்கள் காலை 7:10-க்குக் கிளம்பினேன். கேலன் பாதி வழியில் போனில் மறித்தான். ஒரு பேங்கில் சூடு வரவில்லையாம்.

"காப்பகம்?"

"போன் பண்ணிக் கேட்டுட்டேன் பெருசு. சூடு பிரமாதமா வருதாம். நீ பேங்குக்குப் போ."

போனேன். சொன்னதைச் செய்யும் நாய்.

10:08-க்கு லோர்னா குழந்தைகளை வெளியே கொண்டுவந்திருக்கிறாள். இரண்டு பேர் வாந்தி எடுத்திருந்தார்கள், மற்றவர்களுக்குத் தலைவலி. வாகனம் நிறுத்துமிடத்தில், வடக்குக் காற்றில் நிறுத்திப் பேர் கூப்பிட்டிருக்கிறாள். கடைசிப் பேருக்குப் பதில் இல்லை. தீயணைப்பு ஆட்கள் 10:26-க்கு அவனைத் தூக்கி வந்தார்கள். சூடான காற்று இறங்கும் மூலையில், பாய் அடுக்குக்குப் பின்னால் தூங்கிவிட்டிருந்தான். நாலு வயது. எழவேயில்லை.

என் லைசென்ஸ் போனது. போக வேண்டியதுதான். கேலன் வேறு பெயரில் கம்பெனி திறந்து, வண்டிகளுக்குப் புது பெயின்ட் அடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறான். எதிரே வந்தால் கையை அசைக்கிறான்.

இனி அந்த மீதிப் பாதியின் கடைசித் துண்டு. மார்ச் மாதம், கோர்ட். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அந்தப் பையனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை கேட்டதை நான் எனக்குள் ஒரு மாதிரி சமாதானம் செய்து வைத்திருந்தேன். என்றைக்கோ அங்கே அந்தப் பெயர்களைக் கேட்டிருப்பேன், பயத்தில் மனசு ஜோடித்துவிட்டது என்று. வக்கீல் லோர்னாவிடம் கேட்டார்.

"ஒரு குழந்தை குறையுதுன்னு வெளியே வரும்போதே ஏன் தெரியலை?"

லோர்னா கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்குத்தாங்க அவனுக்கு முதல் நாள். அவங்க கான்சஸ்லேர்ந்து ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் இந்த ஊருக்கே வந்து இறங்கியிருக்காங்க. திங்கக்கிழமை எட்டு அஞ்சுக்கு அம்மா கூட்டிட்டு வந்தாங்க. பட்டியல் அடியில பேனாவால எழுதிக்கிட்டேன். அதுக்கு முன்னாடி காஷ்டன்ங்கிற பேரை நான் வாயால சொன்னதே இல்லைங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன என்று நீதிபதி கேட்டார். அந்த அம்மாவும் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.