ரப்பர் பால் பூசிய மூடி

"டைமிங் வெச்சது இவன்தானே."

மேர்சியின் சவப்பெட்டி இன்னும் வீட்டுக்குள் இருக்கும்போதே, தோட்டத்து லயத்து வாசலில் நின்று வேன்காரர் மூக்கையா சொன்ன வார்த்தை அது. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தை பதினொரு வருஷமாக டெனிஸின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

மேர்சி டெனிஸின் பெண்சாதி. இழுப்புக்காரி. ஐப்பசி மழையில் ஒரு பின்னேரம் அவளுக்கு மூச்சு முட்டியது. டெனிஸ் வேலையாகக் கேகாலைக்குப் போயிருந்தான். மூக்கையா தன் வேனில் அவளை ஏற்றிக்கொண்டு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு விட்டார். பாதி ஏற்றத்தில் வேன் டொப் டொப்பென்று வெடித்து, இழுக்க மாட்டாமல் நின்றது. வேறு வாகனம் கிடைக்க முக்கால் மணி நேரம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முந்திய நாள் அதே வேனுக்கு பிளக் மாற்றி, எஞ்சினில் பொறி விழும் நேரத்தைச் சரிபார்த்து டைமிங் வைத்துக் கொடுத்தவன் மெக்கானிக்கான டெனிஸ்தான். ஜனங்களுக்கு வேறு என்ன வேண்டும்?

வேனைத் திறந்து பார்க்கிறேன் என்று டெனிஸ் கேட்டான். மூக்கையா விடவில்லை. பிறகு அதை வேறு பாஸிடம் கொண்டுபோனார். பஸாரில் மெக்கானிக்கை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு டெனிஸை, "பொண்டாட்டிக்கே டைமிங் பாத்த பாஸ்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். சிலர் முகத்துக்கு நேரேயும் சொன்னார்கள்.

மூக்கையாவைக் கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். டெனிஸின் வயிற்றெரிச்சலே அதுதான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்குப் பிறந்து, பதினாறு வயதில் தானும் கத்தி பிடித்து, பிறகு தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறி, ஓட்டப் பழகி, தோட்டம் கழித்துவிட்ட அந்தப் பழைய பெட்ரோல் வேனை வாங்கினார். பிள்ளைப்பேற்றுக்காரி, பாம்பு கடித்தவன், மரத்திலிருந்து விழுந்தவன், யாருக்கு என்றாலும் வேன் புறப்படும். கோயில் திருவிழாவுக்கும் ஆள் ஏற்றுவார், சர்ச்சுக்கும் ஏற்றுவார். பொலிஸ்காரன் மறித்தால் சிங்களத்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசியே தப்பித்துவிடுவார்.

மேர்சியின் தாய் தெரேசம்மாவுக்கு அவர் பெறாத பிள்ளை. "எம் மகள கடேசி வரைக்கும் கொண்டுபோகப் பாத்த மனுசன்" என்பாள். கிறிஸ்து பிறந்த நத்தார் நாளில் அவர் வீட்டுக்குச் சோற்றுத் தட்டு போகும். மருமகன் டெனிஸ் வாசலில் நின்றால் எழுந்து உள்ளே போய்விடுவாள். பதினொரு வருஷத்தில் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படியிருக்க, போன வைகாசியில் மூக்கையா வேனை விக்க விக்க ஓட்டிக்கொண்டு டெனிஸின் தகரக் கொட்டிலுக்கே வந்து நின்றார். நெஞ்சு வருத்தம் வந்து, கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன.

"ருவான்வெல்லையில ரெண்டு பேரு பாத்துட்டாங்க தம்பி. பிளக்கு மாத்தியாச்சு, காபரேட்டரையும் கழட்டியாச்சு. விக்கல் நிக்கல. வெள்ளிக்கெழம எனக்கு கிளினிக்கு."

"எங்கிட்ட எதுக்கு வந்தீங்க? நான் டைமிங் வெச்சா ஆளு செத்துருமே."

மூக்கையா எஞ்சினை நிறுத்தச் சாவியில் கை வைத்தார்.

"எறங்கி அந்தப் பக்கம் நில்லுங்க. கைய வைக்காதீங்க."

எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான் டெனிஸ். ஒன்றாம் வயரைக் கழற்றினால் எஞ்சின் தள்ளாடியது. இரண்டுக்கும் அப்படியே. மூன்றைக் கழற்றினான், ஒரு மாற்றமும் இல்லை. நான்கும் அதேதான். ஆக அந்த இரண்டும் வேலையே செய்யவில்லை. அடுத்து டைமிங் லைட்டைப் பிடித்தான். எஞ்சின் கப்பியில் இருந்த வெள்ளைக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் நின்றது. டைமிங் பிசகினால் நாலு சிலிண்டருக்கும் சேர்த்துத்தான் நோகும். இரண்டு படுத்துக்கொண்டு மற்ற இரண்டு மட்டும் ஓடாது.

நாலு பிளக்குக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில்தான் மூன்றும் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அந்த மூடியைச் சுற்றிப் பழைய பொலித்தீன் பை ஒன்று கட்டியிருந்தது. அதைப் பிய்த்துப் போட்டு, மூடியின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தான். பொனட் நிழலில் நீலப் பொறி ஒன்று மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் டிக் டிக்கென்று ஊர்ந்தது.

எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றினான். நகத்தால் சுரண்டியதும் பழுப்பு நிறத்தில் தோல் மாதிரி ஒன்று உரிந்து வந்தது. ரப்பர் பால். அடியில் மயிரளவு வெடிப்பு. வெடிப்பு நெடுகப் பொறி ஓடி ஓடிக் கரிக்கோடு விழுந்திருந்தது. பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு.

தோட்டத்தில் பிறந்தவன் எந்த ஓட்டையைக் கண்டாலும் கை பால் சிரட்டைக்குத்தான் போகும். வாளிக்கும் பால், செருப்புக்கும் பால். சீக்கிரம் உறைய, ரப்பர் ஸ்டோரில் பாலில் ஊற்றும் அசிட் இரண்டு சொட்டு. வாளிக்கு அது சரி. மூடியில் பூசினால் அந்த அசிட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே ஓடிவிடும். காய்ந்த நாளில் வேன் ஓடும், மழையில் படுத்துக்கொள்ளும்.

"இது யாரு பூசுனது?"

"நாந்தான்."

"எப்ப?"

மூக்கையா மண்ணைப் பார்த்தார். "மேர்சி செத்த அன்னைக்குக் காலையில. தொடச்சி வெப்போம்னு கழட்டுனேன். கைநழுவி கல்லுல விழுந்துருச்சு."

டெனிஸ் வெடிப்பைச் சுட்டிக் காட்டினான். "இதுதான் காரணம்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"அப்பத் தெரியாது தம்பி. ஒரு மாசம் கழிச்சு மழையில மறுபடி விக்குச்சு. பொலித்தீன கட்டுனேன், நின்னுருச்சு. அப்பத்தான் வெளங்குச்சு."

"வெளங்கி?"

"அதுக்குள்ள ஊரே ஒன்னயச் சொல்லிருச்சு. தெரேசம்மா நத்தாருக்கு தட்டு அனுப்பிருச்சு. நான் வாங்கித் தின்னுட்டேன்."

"பதினோரு வருசமா ஒரு புது மூடி போட வக்கில்லையா?"

"பழசுக்கு என்னான்னு பாஸ்மாரு கேப்பாங்களே."

டெனிஸ் கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு உள்ளே போய், கழித்த வேன் ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த நல்ல மூடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். நாலு வயரையும் வரிசை பார்த்துச் செருகினான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அவன் வைத்த டைமிங்கில் ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்க அங்கே இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை மூக்கையா கிளினிக்குக்குப் போனார். அடுத்த வெள்ளியும் போனார். அதற்கடுத்த வெள்ளிக்கு ஆள் இல்லை. லயமே திரண்டு அழுதது. டெனிஸ் போகவில்லை. அன்று கொட்டிலில் பேசியதுதான் இருவருக்கும் கடைசிப் பேச்சு.

"நான் போய்ச் சொல்லுவேன்" என்றான் டெனிஸ், அன்றைக்கு நல்ல மூடியை மாட்டி முடித்த பிறகு. "இப்பவே போறேன். தெரேசம்மா கெழவி மொகத்துக்கு நேரா இந்தப் பழைய மூடியக் காட்டுவேன்."

மூக்கையா வீங்கிய காலைக் கையால் தூக்கி வேனுக்குள் வைத்தார். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"சொல்லு. வேணாங்கல. நான் இருக்கிற வரைக்கும் மட்டும் பொறுத்துக்க தம்பி. நான் போனப்புறம் சொல்லிக்க."

"செத்தவன் மேல பழி போடுறான்னு காறித் துப்புவாங்க. யாரு நம்புவா?"

மூக்கையா வேன் கதவை இழுத்துச் சாத்தினார். கியரைப் போட்டுவிட்டு, வெளியே எட்டிப் பார்த்து, "யாரும் நம்ப மாட்டாங்கன்னா அது ஒனக்கெதுக்கு? அப்ப அந்த மூடிய எங்கிட்டயே குடுத்துரு" என்றார்.