பெட்டி மட்டும் வந்த நாள்

அவர் இறந்துவிட்டார் என்று மகளிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டுமா? ஒன்றரை வருடமாக யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

என் கணவர் காலாட்படையில் சிப்பாய். செய்யாறு பக்கம் மானாவாரியில் நிலக்கடலை போடுகிற குடும்பம். பிளஸ் டூ முடித்ததும் ஆள்சேர்ப்பு முகாமில் ஓடித் தேறியவர். "ஆட்டுக்குப் பின்னாடி ஓடின ஓட்டத்துக்கு கவர்ன்மென்ட் சம்பளம் குடுக்குது" என்பார். குளிரைப் பற்றி மட்டும் புலம்புவார். ஒருமுறை வீடியோவில், உறைந்துபோன முட்டையை மேசையில் தட்டிக் காட்டினார். உடையவில்லை. மகள் திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னாள். கல்யாணமான ஐந்து வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. நான் அம்பத்தூரில் வேலைக்குப் போய்க்கொண்டு, திருமுல்லைவாயிலில் குழந்தையோடு இருந்தேன்.

லீவில் வரும்போது அவர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். தன் கறுப்பு டிரங்குப் பெட்டியை ஆட்டோக்காரரிடம் கொடுத்து முதலில் மாடிக்கு அனுப்பிவிட்டு, கீழே எங்காவது ஒளிந்துகொள்வார். பெட்டியைப் பார்த்ததும் மகள் ஓடிப்போய்க் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லையில் சண்டை மூண்ட வாரம் அவரிடமிருந்து போன் வரவில்லை. நான் டிவியே போடவில்லை. நான்காம் நாள் காலை, மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது பட்டாலியனிலிருந்து அழைத்தார்கள். அடிபட்டுக் கிடந்த இன்னொரு சிப்பாயை இழுத்துவரப் போனபோது குண்டு பாய்ந்ததாம். போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த இரண்டு வாய் இட்லியையும் ஊட்டினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இறுதிச்சடங்கு அவர் ஊரில் நடந்தது. மகளை ஐயப்பன்தாங்கலில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். குழந்தை பயந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, அவரோடு இருந்த சிப்பாய் ஒருவர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஆட்டோக்காரர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு, "இன்னாம்மா, உள்ள கல்லு கீதா?" என்று சிரித்தபடியே மாடியேறினார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. மகள் பெட்டியைப் பார்த்தாள். "அப்பா!" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடினாள். மாடிப்படிக்கு அடியில் தேடினாள், பைக்குகளுக்கு நடுவே தேடினாள். வந்த சிப்பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கம்மா ஒளிஞ்சிருக்காரு?"

"இந்தவாட்டி பெட்டி மட்டும்தான்டா. அப்பாவுக்கு லீவு கிடைக்கல."

வாயில் அதுதான் வந்தது.

அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றி வருகிறேன். மாலை போட்டு மாட்ட வேண்டிய அவர் படத்தைப் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். "எம்புள்ள என்ன திருடனா, ஒளிச்சு வைக்க?" என்று மாமியார் கேட்டார். அவரைப் பற்றி யாரிடம் பேசினாலும் மகள் காதில் விழுமோ என்று பயந்து, பேசுவதையே விட்டுவிட்டேன். காலையில் ரயிலேறியதும் அவர் இறந்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டியூட்டியில் இருப்பவர்.

போன வாரம் யுகேஜி டீச்சர் அழைத்தார். குடியரசு தினத்தன்று நான் கொடியேற்ற வேண்டுமாம். மகளையும் மேடையில் நிறுத்தி, அவர் எப்படி உயிர்விட்டார் என்று எல்லோருக்கும் சொல்வார்களாம்.

"பாப்பாவுக்குப் பெருமையா இருக்கும் மேடம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுத்தால் அவருக்கான மரியாதையை நானே தடுத்தது போலாகும். மறுத்தாலும் என்ன, வேனில் கூட வருகிற குழந்தை ஏதாவது ஒருநாள் சொல்லிவிடும். அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். பதினோரு நாள் இருக்கிறது.

சாமிகிட்ட போயிட்டார் என்றால், அங்கிருந்து எப்போது லீவு என்பாள். செத்துப்போயிட்டார் என்றால், அப்புறம் நான் சொல்கிற எதை நம்புவாள்?

இப்படியொரு செய்தியைச் சின்னக் குழந்தையிடம் சொன்னவர்கள் யாராவது இதைப் படித்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அவர் இறந்ததை முதலில் சொல்வதா, நான் பொய் சொன்னதை முதலில் ஒத்துக்கொள்வதா?