அம்மாவின் பாதம்

கட்டுப் போடுமுன் கழுவலாமென்று நான் குனிந்ததும், உப்பளத்துப் பெரியவர் காலை இழுத்துக்கொண்டார். "வேணாம் நர்சம்மா, அசிங்கமா இருக்குது."

என் அப்பாவும் உப்பளத்தில்தான் வேலை செய்தார். பெரிய வியாழனன்று மாதா கோயிலில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு ஆண்களில் ஒரு வருடம் அவரும் இருந்தார். பித்தவெடிப்பைச் சாமியார் பார்த்துவிடக் கூடாதென்று, செங்கல்லால் ரத்தம் வரத் தேய்த்துக்கொண்டு போனார். திரும்பியதும் குண்டானில் தண்ணீர் மொண்டு அம்மா முன்னால் உட்கார்ந்தார்.

"நீயுந்தான் உப்பு வார்ற. உன்ன யார் கூப்ட்டா? காலை நீட்டு."

அம்மா கூசிச் சிரித்ததில் தண்ணீர் சிதறி வீடெல்லாம் ஈரம். எத்தனை அலுப்பான வேலையிலும் அந்தச் சிரிப்பின் நினைவு எனக்குத் தீர்ந்ததில்லை.

"நீட்டுங்கப்பா" என்றேன் பெரியவரிடம். தண்ணீர் பட்டதும், "கூசுதும்மா" என்று அவரும் சிரித்துவிட்டார்.