நொதி: சொந்தத் தயாரிப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதி ஒன்று கிடைத்தால்தான் என் கடைசி அத்தியாயம் நகரும். அது வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் விமானமேறி வரவேண்டும். எட்டு மாதம் காத்திருந்தேன். உதவித்தொகை முடிய இன்னும் ஆறே மாதம்.

ஹோலிக்கு முந்தின நாள் பார்சல் வந்தது. விடுமுறை முடிந்து விமான நிலையத்துக்கு ஓடினால், சுங்க அதிகாரி பெருமையாகத் தன் இரும்பு அலமாரியைத் திறந்தார். "பஹுத் மெஹங்கி சீஜ் ஹை, மேடம்ஜி!" விலை உயர்ந்த சரக்காம், களவு போகாமலிருக்கப் பனிக்கட்டியிலிருந்து எடுத்துப் பூட்டி வைத்தாராம். நல்ல மனுஷன், அதுதான் வயிற்றெரிச்சல். சின்னக் குழாயின் அடியில் ஒரே ஒரு துளி, வெதுவெதுப்பாக. நொதி செத்துப்போயிருந்தது.

என் பேராசிரியர் மதுரைக்காரர். "அந்த அத்தியாயத்தை விட்டுரும்மா. இருக்கிறத வச்சு எழுதி முடி," என்றார்.

"நானே நொதியை எடுத்துக்கிறேன் சார்."

"இங்கயா? கரண்ட் போனா என்ன பண்ணுவே?"

"ஐஸ் வாங்குவேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அந்த நொதியைச் செய்வது ஒரு பாக்டீரியா. கடல் கடந்து வந்தால்தான் நொதி வெட்டுமா என்ன?

இன்னோர் ஊர் ஆய்வுக்கூடத்திலிருந்து அந்தப் பாக்டீரியாவைத் தபாலில் வரவழைத்து, குடுவை குடுவையாக வளர்த்தேன். மே மாதத்து அனல் காற்றில் கையில் ஸ்வெட்டரோடு பஸ்ஸில் ஏறினேன். சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். குளிரறைக்குள் நின்று, உடைத்த பாக்டீரியாவின் சாற்றைச் சொட்டுச் சொட்டாக வடித்தேன். மின்சாரம் போனபோது ஆட்டோவில் ஐஸ் பாளம் கொண்டுவந்தேன். முதல் இரண்டு முறை வந்த சாறு எதையும் வெட்டவில்லை. மூன்றாவது முறை, புற ஊதா விளக்கின் கீழே டி.என்.ஏ. துண்டுகள் ஆரஞ்சு நிறத்தில் வரிவரியாகத் தெரிந்தன. தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன்.

வம்பு அதோடு தீரவில்லை. ஆய்வேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அதை விற்ற கம்பெனியின் பெயரை எழுதுவது வழக்கம்.

"கம்பெனி பேரையே போட்டுரு. சொந்தமா செஞ்சேன்னா எக்ஸாமினர் நம்பமாட்டார். டிகிரி போயிரும்," என்றார் பேராசிரியர்.

"போனாப் போகட்டும் சார்."

டைப்பிஸ்ட் பக்கத்திலேயே நின்று அடிக்கவைத்தேன்: சொந்தத் தயாரிப்பு.

வாய்மொழித் தேர்வுக்கு ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்த வரியில்தான் விரலை வைத்தார். யார் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்றேன். ஆய்வேட்டில் ஒட்டியிருந்த டி.என்.ஏ. துண்டுகளின் படங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன்னுடைய பார்சலும் மாதக்கணக்கில் வராமல் கிடப்பதாகவும், எனக்குச் சிரமமில்லையென்றால் இந்த நொதி கொஞ்சம் கிடைக்குமா என்றும் கேட்டார்.

பேராசிரியர் முந்திக்கொண்டு, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், நம் கூடத்தில் செய்ததுதானே என்றார்.

"தருகிறேன்," என்றேன் தேர்வாளரிடம். "ஆனால் உங்கள் கட்டுரையில் கம்பெனி பெயரைப் போடக் கூடாது."