பின்லாந்துக்காக ஆடிய ஆரின்

ஆரின் என் பெரியப்பா மகன். அமெரிக்காவில் எங்கள் பூர்வகுடி மண்ணான ஒனண்டாகாவைத் தவிர வேறெங்கும் வசித்ததில்லை. பகலில் கூரை வேலை, மாலையில் பாக்ஸ் லக்ராஸ், வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி எறியும் உள்ளரங்க ஆட்டம். வலைக்கோலோடு அவன் அரங்கில் இறங்கினால் கோல்கீப்பர் கும்பிடாத குறைதான். ஆனால் எங்களுக்குக் குலம் தாய்வழி. அவன் அம்மா பின்லாந்துக்காரி. அதனால் எங்கள் இனத்தின் அணியில் அவனுக்கு இடமில்லை.

சர்வதேசப் போட்டி எங்கள் ஊருக்கே வந்தபோது அம்மா நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டான். பின்லாந்தைப் பற்றி, ‘அதிகம் தெரியாத அணி, ஆனால் கவனியுங்கள்’ என்று பத்திரிகை எழுதியது அவனை நம்பித்தான்.

“அந்த நாட்டுல ஒரு தெருப் பேராவது தெரியுமாண்ணே?”

“வாய மூடிக்கிட்டு சோளச் சூப்பக் குடிடா. எந்தச் சட்டையில ஆடினா என்ன, நம்மாளுங்க ஒரு தடவ எனக்குக் கைதட்டினாப் போதும்.”

எங்களோடு மோதிய ஆட்டம் கடைசி நிமிடம்வரை சமநிலை. மூன்று பேரை ஏமாற்றி ஆரின் கோல் போட்டான். அரங்கம் இழவு வீடானது. பெரியப்பா எழுந்தார், சுற்றிலும் பார்த்தார், கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் தட்டினேன், அம்மா என் கையைப் பிடித்து இறக்கினாள்.

முடிந்ததும் கைகுலுக்க எங்கள் கேப்டன் டெவன் வந்தான். பள்ளியில் ஆரினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

“பத்திரமா உங்க ஊரு போய்ச் சேருங்க,” என்றான்.

ஆரினின் வீடு அரங்கத்துக்கு எதிரே இருக்கிறது.