எங்கள் கழகத்தின் தலைசிறந்த உதை

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் லண்டன் கிளை விளையாடியதைவிடக் கூட்டம் போட்டதுதான் அதிகம். எண்பதுகளின் நடுவில் நோர்பரியில் ஒரு வீட்டு முன்னறையில், பதினான்கு பேர் சப்பாத்துகளைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து அதைத் தொடங்கினோம். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேருக்குப் பதவி கிடைத்தது. மிச்சம் இரண்டு பேரும் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஆலோசகர்கள் ஆக்கப்பட்டார்கள். நான் செயலாளர். பகலில் கவுன்சில் ஒவ்வீசில் பிறருடைய விண்ணப்பங்களைக் கோப்பில் போடுவதுதான் என் வேலை என்பதால், கழகத்தின் கோப்பும் என் தலையில் விழுந்தது.

சங்கம் என்று ஒன்று இருந்தால் மலர் என்று ஒன்று வரவேண்டும். வாழ்த்துச் செய்திகள், நகைக்கடை விளம்பரம், தலைவரின் படம், அதைவிடப் பெரிதாகத் தலைவரின் இன்னொரு படம். இவற்றுக்கு நடுவே கொஞ்சம் வரலாறும் இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் 'எமது கழகத்தின் தலைசிறந்த உதைகாரர்' என்று ஒரு பக்கம் ஒதுக்கினோம். ஒரே ஒரு பக்கம். அதை நிரப்ப எங்களுக்கு ஆறு வருடங்கள் போதவில்லை.

முதலாவது வேட்பாளர் டொக்டர். ஊரில் ஒரு ஆட்டத்தில் அவர் அடித்த ஃப்ரீ கிக் ஒன்று கோலுக்குள் போனது உண்மை. முதல் கூட்டத்தில் அது பதினெட்டு யார்ட் தூரத்திலிருந்து போனது. அவர் சொந்தமாக சேர்ஜரி என்று ஒரு மருத்துவ நிலையம் திறந்த வருடம் முப்பது யார்டாகிவிட்டது. பிள்ளை கேம்பிரிட்ஜுக்குப் போனபோது பந்து நடுக்கோட்டுக்கு நகர்ந்திருந்தது. இன்னும் ஒரு பட்டம் வாங்கியிருந்தால் எங்கள் கோலுக்குள் நின்றுதான் அடித்திருப்பார், அதாவது எனக்குப் பக்கத்தில் நின்று. ஏனென்றால் அந்த அணியின் கோல் கீப்பர் நான்.

இரண்டாவது வேட்பாளர் எஞ்சினியர். கழகத்தின் தலைவரும் அவரே. அவர் அடித்தது ஒரு பெனால்டி. அது கம்பத்தில் பட்டுத் திரும்பி, விழுந்து கிடந்த எதிரணிக் கீப்பரின் முதுகில் பட்டு உள்ளே உருண்டது. இதை அதிர்ஷ்டம் என்று சொன்ன ஒரு அப்பாவி அடுத்த வருடம் நிர்வாகத்திலேயே இல்லை. கோணத்தைக் கணக்கிட்டு, முதுகைக் குறிவைத்து அடித்த பந்து என்பதுதான் அதிகாரபூர்வமான விளக்கம். எஞ்சினியர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். மற்றவர்கள் சொல்லும்போது தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்து மெல்லச் சிரிப்பார், அவ்வளவுதான்.

கட்சி பிரிந்தது. டொக்டரிடம் மருந்து எடுப்பவர்கள் டொக்டர் பக்கம் நின்றார்கள். சுகதேகிகளாக இருந்தவர்கள் எஞ்சினியர் பக்கம். எட்மண்டனில் இருந்து ஒருவர் ரயிலும் பஸ்ஸும் மாறி லண்டனைக் குறுக்கே கடந்து வருவார், நடுக்கோடு என்பது பச்சைப் பொய் என்று கத்துவார், இரண்டு பற்றீஸ் சாப்பிடுவார், திரும்ப பஸ் ஏறுவார். ஊரிலே குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். யாருடைய வீடு இருக்கிறது, யாருடையது இல்லை என்று கடிதத்தில் அறிந்து அழுதவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தால் முதுகா, நடுக்கோடா என்பதுதான் கேள்வி. அது ஒரு ஆறுதலாகவும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மலருக்காக ஒரு பழைய குழுப்படம் தேடிப் பிடித்தோம். எழுபதுகளில் கோப்பை வென்ற அன்று பள்ளிக்கூட வாசலில் எடுத்தது. அடியில் பெயர்கள் எழுதுவதற்காக அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். என் மனைவி வேறு ஊர். பந்தடி பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் கிடையாது. மேசை துடைக்க வந்தவள் படத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, பந்தடிக்கு எத்தினை பேர்?"

"பதினொரு பேர்."

"இதிலை பத்துப் பேரெல்லோ நிக்கினம். மற்ற ஆள் எங்கை?"

ஆறு வருடங்களாக நாங்கள் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை பிடித்திருந்தோம். டொக்டரின் காலின் பருமனை அளந்தோம், எஞ்சினியரின் தலைமயிரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். தலைகளை எண்ணிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. அந்தப் பதினோராவது ஆள் யார், படம் எடுத்தபோது எங்கே நின்றார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எங்களுடைய சைக்கிள்களுக்குக் காவலாக, வேப்பமரத்தடியில் நின்றார். படக்காரர் வந்ததும் அவரை அங்கே அனுப்பிவிட்டார்கள்.

ஊர் தன்னைவிடக் குறைந்தது என்று ஒதுக்கிவைத்த சாதியைச் சேர்ந்தவர் அவர். அந்த இறுதி ஆட்டத்தில் ஒரு கோல்தான் விழுந்தது. அதை அடித்தவர் அவர். இருபத்தைந்து யார்டுக்குக் குறையாது, வெறுங்கால், எதிரே ஐந்து பேர் சுவராக நின்றார்கள். பந்து அவர்களுடைய தலைக்கு மேலால் ஏறி, கோலுக்கு முன்னால் திடீரென்று இறங்கியது. மறுமுனையில் நின்ற எனக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது, ஆனால் அந்த உதையை நான் அறிவேன். மாலையில் பயிற்சியில் நூறு தடவை என்னை முட்டாளாக்கிய உதை அது. ஆட்டம் முடிந்து சோடா கொடுத்தார்கள். நாங்கள் ஒரே கிளாசை மாற்றி மாற்றிக் குடித்தோம். அவருக்கு மட்டும் தனியாக ஒரு முழுப் போத்தல். அதை ஒரு மரியாதை என்று அன்றைக்கு நான் நினைத்தேன். அவருக்கு முழுசாகக் கிடைத்ததே என்று பொறாமைப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

அவர் லண்டனில் இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் மாமியாரைக் கூட்டிவர ஹீத்ரோவுக்குப் போனபோது, நீளமான தள்ளுவண்டி வரிசை ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒருவர் எதிரே வந்தார். முகத்தைப் பார்க்கும் முன்பே நடையில் தெரிந்துவிட்டது. ஹவுன்ஸ்லோவில் வீடு, மூன்று பிள்ளைகள், அதிகாலை ஷிப்ட் என்று நின்ற நிலையில் சொன்னார். நான் ஃபோன் நம்பர் கொடுத்தேன். கொடுத்தால் அந்த நம்பருக்கு அழைப்பு எடுப்பார்கள் என்பதை ஏனோ நான் யோசிக்கவில்லை.

அவர் எடுத்தார்.

"அண்ணை, பிள்ளையள் எங்கடை ஊர் எது எண்டு கேக்குதுகள். சொன்னால் விளங்குதில்லை. ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகவும் இப்ப ஏலாதுதானே. உங்கடை விளையாட்டுப் போட்டிக்கு எல்லாரும் வருவினமாம். அங்கை கூட்டிக்கொண்டு வந்து, இதுதான் எங்கடை ஊர்ச்சனம் எண்டு காட்டலாம் எண்டு பாத்தன்."

கழகத்தின் கோடைகால விளையாட்டுப் போட்டியில் அங்கத்தவரின் பிள்ளைகள்தான் ஓடலாம். ஆகவே அங்கத்துவ விண்ணப்பம் ஒன்றை அனுப்பிவைத்தேன். அதில் ஒரு அங்கத்தவர் சிபாரிசு செய்யவேண்டிய இடம் ஒன்று உண்டு. "உங்கடை பேரைப் போடட்டோ?" என்று கேட்டார். "போடுங்கோ, அதுக்கென்ன," என்றேன். என் குரல் மிகவும் பெருந்தன்மையாக ஒலித்ததாக எனக்கே ஒரு திருப்தி.

விண்ணப்பம் நாலாம் நாள் வந்தது. அழகான கையெழுத்து. மூன்று பிள்ளைகளின் பெயர், வயது, ஓட விரும்பும் தூரம். அடுத்த கூட்டத்துக்கு முன் எஞ்சினியரைத் தனியாகச் சந்தித்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஐசே, எனக்கு உந்தச் சாதி பாக்கிற பழக்கமெல்லாம் இல்லை. உமக்குத் தெரியும்தானே," என்றார் எஞ்சினியர். எனக்குத் தெரியும் என்று தலையாட்டினேன். "ஆனால் கழகத்துக்கு யாப்பு, சட்டதிட்டம் எண்டு ஒண்டு இருக்கு. ஊரிலை பிறந்த ஆக்கள்தான் அங்கத்தவர். அவன்ரை வீடு ஒழுங்கைக்கு அங்காலை. அது அடுத்த ஊர்."

இதே ஒழுங்கைதான், ஒரு குறுகலான தெரு. அந்தக் கோப்பைக்கான போட்டியில் வெளியூர் ஆட்களைச் சேர்க்கக்கூடாது என்று விதி இருந்தது. அப்போது ஒழுங்கைக்கு அந்தப் பக்கமும் எங்கள் ஊரைச் சேர்ந்ததுதான் என்று போட்டிக் குழுவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தது எங்கள் கழகம். ஆங்கிலம் நன்றாக எழுதுகிறவர் என்பதால் அதை எழுதியவர் எஞ்சினியர். ஒரு ஒழுங்கை ஆறாயிரம் மைல் தொலைவில் கிடந்துகொண்டே இத்தனை சுறுசுறுப்பாக நகரும் என்பதை நான் லண்டனில்தான் கண்டேன்.

இதை எஞ்சினியரிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இப்ப கொண்டுவந்தால் கழகம் உடையும். கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்," என்றார். பொறுப்பது எனக்குப் பழக்கமான வேலை, சம்பளமே அதற்குத்தான். விண்ணப்பத்தைக் கோப்பின் அடியில் வைத்தேன். ஹவுன்ஸ்லோவிலிருந்து அவர் ஃபோன் எடுத்தபோதெல்லாம் "அடுத்த கூட்டத்திலை பாக்கலாம்" என்றேன். அப்படி மூன்று கோடைகால விளையாட்டுப் போட்டிகள் நடந்து முடிந்தன. விண்ணப்பத்தில் எட்டு வயது என்று எழுதியிருந்த பிள்ளைக்குப் பதினொன்று ஆகியிருக்கும்.

மனைவி படத்தில் தலைகளை எண்ணிய அடுத்த மாதம் பொதுக்கூட்டம் வந்தது. நோர்பரியில் ஒரு தேவாலய மண்டபத்தை எடுத்திருந்தார்கள். அது முடிந்த கையோடு மலர் அச்சுக்குப் போகவேண்டும், ஆகவே உதைகாரர் விவகாரத்தை அன்றைக்கே முடிக்கவேண்டும் என்று தீர்மானம். கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சரிசமம். எட்மண்டன்காரர் எழும்பி, டொக்டரின் ஆட்களில் ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார் என்று முறைப்பாடு செய்தார். அரை மணி நேரம் கையை எண்ணினோம்.

அப்போதுதான் டொக்டருக்கு ஒரு யோசனை வந்தது. "எல்லாற்றை உதையையும் கோலுக்குள்ளை நிண்டு வாங்கின மனிசன் இஞ்சை இருக்கிறார். அவரைக் கேளுங்கோ."

நான் எழும்பினேன். இருநூறு பேர் என்னையே பார்த்தார்கள். மனைவி மூன்றாவது வரிசையில் இருந்தாள். வாழ்க்கையில் முதன்முதலாக என் கருத்துக்காக ஒரு மண்டபம் காத்திருந்தது, அந்தப் போதை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். டொக்டரும் நல்ல உதைகாரர், எஞ்சினியரும் நல்ல உதைகாரர் என்று தொடங்கினேன். பிறகு, "ஆனால் ரெண்டு பேரையும்விட நல்லா அடிச்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார். கோப்பையை வெண்டு தந்தது அந்த ஆளின்ரை கால்," என்று சொல்லி, அவருடைய பெயரையும் சொன்னேன்.

ஏதோ பெரிதாக உடையப்போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் உடையவில்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர், "ஓம், மெய்தான். என்ன உதை அது," என்றார். இன்னொருவர் கையால் காற்றில் வளைத்து, பந்து எப்படி இறங்கியது என்று காட்டினார். டொக்டரே தலையை ஆட்டினார். நாலைந்து நிமிடம் எல்லோரும் சந்தோஷமாக அந்தக் கோலைப் பற்றியே பேசினார்கள். இருபது வருடத்துக்கு முந்திய ஒரு காலைப் புகழ்வதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இருக்கவில்லை. நான் ஒரு வீரனைப்போல நின்றுகொண்டிருந்தேன். மனைவியின் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது, அதைக் கண்டு எனக்குக் கண் கலங்கியது.

எஞ்சினியர் தொண்டையைச் செருமினார். "நல்ல விளையாட்டுக்காரன். ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் மலரிலை போடுறது அங்கத்தவரை மட்டும்தான். அவன் அங்கத்தவன் இல்லையே."

"அப்ப சேர்க்கலாம்தானே?" என்றது ஒரு பெண் குரல், பின்னாலிருந்து. என் மனைவியின் குரல் இல்லை. யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சேர விருப்பமெண்டால் ஆள் விண்ணப்பிச்சிருக்க வேணுமே," என்றார் எஞ்சினியர். பிறகு என் பக்கம் மெல்லத் திரும்பினார். கோபம் இல்லை, அதட்டல் இல்லை. ஒவ்வீசில் ஒருவரிடம் ஒரு தாளைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். "செயலாளர், அப்பிடி விண்ணப்பம் ஏதும் எங்களுக்கு வந்ததோ?"

கோப்பு எனக்கு முன்னால் மேசையில் இருந்தது. என் இடது கை அதன் மேல் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், மூன்று பிள்ளைகளின் பெயரோடும் சிபாரிசு செய்தவர் என்ற இடத்தில் என் பெயரோடும், அந்தத் தாள் இருந்தது. எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூடப் பிடித்திராது.

"இல்லை," என்றேன். "ஒண்டும் வரேல்லை."

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது. டொக்டரும் எஞ்சினியரும் இணைந்த தலைசிறந்த உதைகாரர்கள் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். எட்மண்டன்காரர்கூடக் கை தட்டினார். நான் உட்கார்ந்து பேனாவை எடுத்து, அன்றைய கூட்டக் குறிப்பில், மேற்படி நபரிடமிருந்து விண்ணப்பம் எதுவும் கிடைக்கவில்லை எனச் செயலாளர் சபைக்கு அறியத்தந்தார் என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்தேன்.