செம்பருத்திக்கு வாஸலின்

பத்ரிக்கு ஒழுக்கு என்றாலே ஆகாது. காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அவருக்கு உத்தியோகமே அதுதான். வால்வைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, உள்ளே காற்றைச் செலுத்தி, குமிழி கிளம்புகிறதா என்று உற்றுப் பார்ப்பார். ஒன்று எட்டிப் பார்த்தாலும் போச்சு, வால்வு வந்த வழியே திரும்பிவிடும். ஆபீஸோடு விட்டாரா மனுஷர்? வீட்டில் குக்கர் ஓரமாகச் சீறினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் குக்கரை மூடத் தெரியாமல் மூடியது அவரே ஆனாலும் குற்றம் கேஸ்கெட்டுடையது.

இப்பேர்ப்பட்டவரைத் தனியாக விட்டுவிட்டு, மகள் ஹம்ஸினியின் பிரசவத்துக்காக மனைவி சாருலதா புனே கிளம்பினாள். கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை. வாசலில் நின்று பால்கனிச் செம்பருத்தியைக் காட்டினாள்.

"இது வாடித்துன்னா நான் அடுத்த ரயில்ல வந்துடுவேன். ஒரு செடியைப் பாத்துக்க முடியாதவர் தன்னை எப்படிப் பாத்துப்பார்?"

பத்ரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புனேயில் குழந்தை பிறந்து, ராத்திரி பகல் தெரியாமல் வீறிட்டுக்கொண்டிருந்தது. ஹம்ஸினிக்கு அம்மா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். செடி வாடக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் மே மாத வெயில் யார் பேச்சைக் கேட்கும்? காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் மாயமாகிவிடும். தொட்டிக்கு அடியில் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தார், இல்லை. ஒரு கிளையைப் பிளாஸ்டிக் கவரில் நுழைத்துக் கட்டிவைத்தார். மத்தியானம் பார்த்தால் கவருக்குள் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. போனில் தேடிப் படித்தார். இலையின் அடிப்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகளாம். வேர் உறிஞ்சுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு அந்த வழியாக ஆவியாகிப் போகுமாம். இப்படி ஒரு வால்வு அவர் மேஜைக்கு வந்திருந்தால் நடப்பதே வேறு.

ஞாயிற்றுக்கிழமை, காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு இலைக்கும் அடியில் வாஸலின் பூசினார். மாடி வீட்டு நூர் முகமது, ஆம்பூர்க்காரர், இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"எதுக்கு சார் இது? செடிக்கு உதடு வெடிச்சிடுச்சா?"

"லீக்கை அடைக்கறேன்."

வேலை பலித்தது. தொட்டி மண் காயவே இல்லை. அன்றைக்கு மனைவியிடம் போனில் பேசும்போது பத்ரியின் குரல் ஒரு சுருதி ஏறியிருந்தது. பிறகு மொட்டு உதிர்ந்தது. இலை மஞ்சளாகித் தொங்கியது. மண்ணோ சொதசொதவென்று இருந்தது. "வெயில் ஜாஸ்தி," என்றார் நூர் முகமதுவிடம்.

"அது இருக்கட்டும் சார். வேர்லேர்ந்து தண்ணி மேல ஏறுறதுக்கு உள்ள மோட்டார் எங்க இருக்கு?"

பத்ரி ஓர் இலையைத் திருப்பி வாஸலின் பூச்சைப் பார்த்தார். மோட்டார் எங்கே இருக்கிறது? மேலே இலையிலிருந்து ஒரு துளி ஆவியானால்தான் கீழேயிருந்து அடுத்த துளி இழுபட்டு மேலே வரும். அந்த ஆவிதான் வெயிலில் இலையைக் குளிர வைப்பதும். தண்ணீர் வெளியேறும் வாயை அடைத்துவிட்டுக் குழாயில் ஓட்டம் இல்லையே என்று நிற்பவனை அவரே எத்தனை தடவை திட்டியிருக்கிறார்!

சீயக்காய்த் தண்ணீரும் துணியுமாக உட்கார்ந்து இலை இலையாகத் துடைத்தார். பாதி இலை கையோடு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சாருலதாவின் போன்.

"செடி எப்படி இருக்கு?"

வெயில், மண், தொட்டி என்று காரணங்கள் வரிசையாக வாய்வரை வந்தன. "நான்தான் கெடுத்தேன், சாரு. என் தப்புதான்," என்று வாஸலின் கதையைக் கொட்டிவிட்டார்.

அந்தப் பக்கம் பேத்தியின் அழுகையையும் மீறிச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இத்தனை வருஷத்துல 'என் தப்பு'ன்னு உங்க வாயால இன்னிக்குத்தான் கேக்கறேன். இனிமே உங்களைத் தனியா விடலாம். செடி துளிர்க்கும், போறது. நான் இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வரேன்."

"நன்னா இருந்துட்டு வா," என்று போனை வைத்தார் பத்ரி. ஜெயித்தாகிவிட்டது. ஆனால் செடி வாடியதைக் கேட்டதும் அவள் கிளம்பி வந்துவிடுவாள் என்ற நப்பாசையில், புனேயிலிருந்து வரும் ரயில் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்து வைத்திருந்தார் அவர்.